குளியற்பொடியும் கொழும்பின் ஈரக்காற்றும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா இடித்து அனுப்பும் குளியற்பொடி மாதக்கணக்கில் மணம் மாறாமல் இருக்கும். அதே பொருட்களை வாங்கி இங்கே தொடர்மாடி வீட்டில் நான் அரைத்தால், சில வாரங்களிலேயே கட்டிபட்டு, வண்டு விழுந்து, மணமும் போய்விடுகிறது. எங்கே தவறுகிறேன்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கள் கைப்பக்குவத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, கொழும்பின் காற்றில் ஆண்டு முழுவதும் நிறைந்திருக்கும் ஈரம்தான் முதற்காரணம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அது ஓய்ந்ததும் ஒக்டோபர், நவம்பர் மழை என்று நீளும் காலத்தில், பல்கனியில் காயவைத்த பயறு கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும். ஆகவே, மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் பொருட்களைப் பொடியாக்காமல் முழுதாகவே காயவைத்து, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்களில் தனித்தனியே அடைத்து வைத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அவ்வப்போது அரைப்பதே இந்நகரத்துக்குப் பொருந்தும் வழி. பொடியாக்கியதும் காற்றுப் படும் பரப்பு பன்மடங்காகிவிடுவதால் மணம் விரைந்து பறந்துவிடும். முழு வேரிலும் கிழங்கிலும் அது நெடுநாள் தங்கும்.

வண்டு வெளியிலிருந்து வருவதைவிட, பயற்றுக்குள் முட்டையாகவே வந்துவிடுவதுதான் அதிகம். வாங்கிய பயற்றை நான்கைந்து நாள் உறைபெட்டியில் வைத்தெடுங்கள், அல்லது வெறும் தாச்சியில் நிறம் மாறாத அளவுக்குச் சூடாக்கி ஆறவிடுங்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த பையை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது. குளிர்ந்த பயற்றின் மேல் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிந்துவிடும்.

பயற்றை வெயிலில் காயவைக்கலாம். ஆனால் ரோஜா இதழையும் வெட்டிவேரையும் பூலாங்கிழங்கையும் நிழலிலேயே காயவைக்க வேண்டும், ஏனெனில் அவற்றின் மணம் முழுவதும் சூட்டில் ஆவியாகும் எண்ணெயில்தான் இருக்கிறது. மிக்ஸியை நீண்ட நேரம் ஓடவிட்டாலும் இதே இழப்பு நேரும். சில விநாடிகள் ஓட்டி, நிறுத்தி, கலம் ஆறியபின் மறுபடி ஓட்டுங்கள். வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் அரை அங்குலத் துண்டுகளாக நறுக்காவிட்டால் நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும். அரைத்ததை மெல்லிய பருத்தித் துணியில் சலித்தால் உடலில் உரசாது.

அளவைப் பொறுத்தவரை, பயறு 500 கிராமுக்கு வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் ஒவ்வொன்றும் 50 கிராம், உலர்ந்த ரோஜா இதழ் 25 கிராம் என்ற விகிதம் போதுமானது. காய்ந்த ரோஜாவில் மணம் சொற்பமாகவே எஞ்சும்; நின்று மணப்பவை வேரும் கிழங்கும்தான். கஸ்தூரி மஞ்சளை மட்டும் பொடியாக வாங்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். உண்மையான கஸ்தூரி மஞ்சளின் பொடி வெளிறிய நிறமும் கற்பூரத்தை ஒத்த மணமும் உடையது. பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் விற்கப்படுவது பெரும்பாலும் சமையல் மஞ்சளாகவே இருக்கும், அது தோலிலும் துவாயிலும் கறையாகும். புறக்கோட்டை கபோஸ் லேனில் உள்ள மூலிகைக் கடைகளில் கிழங்காகக் கேட்டு, ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பொடியில் தண்ணீர் சேர்ப்பது குளிக்கும் நேரத்தில் மட்டுமே. குழைத்ததில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

கேள்வி: கறுவா எண்ணெய் நம் நாட்டுப் பொருள், இயற்கையானது என்று நம்பி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் பத்துத் துளி விட்டு உடலில் தேய்த்தேன். தோல் சிவந்து எரிந்தது. கலப்படமாக இருக்குமோ?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கலப்படமே இல்லாத எண்ணெயும் இப்படி எரிக்கும். கறுவாப்பட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் மிகுந்துள்ள சின்னமல்டிஹைட் என்னும் வேதிப்பொருள் தோலை வெகுவாக உறுத்தி ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடியதாகையால், பட்டை எண்ணெயை உடலில் தேய்ப்பதை அறவே விட்டுவிடுங்கள். இலை எண்ணெயில் மிகுந்திருப்பது கராம்பு எண்ணெயில் உள்ள அதே யூஜினோல் என்னும் பொருள். இலை எண்ணெயையும் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் சேர்க்கலாகாது. இரண்டு மேசைக்கரண்டி என்பது ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். அதற்கு மூன்று துளியே உச்ச அளவு. தாங்கள் விட்டது அதன் மும்மடங்குக்கும் மேல். வாளித் தண்ணீரில் விட்டுக் குளித்தால் ஐதாகிவிடும் என்று எண்ணுவதும் ஆபத்தானது, ஏனெனில் எண்ணெய் நீரில் கரையாமல் மிதந்து, கலப்பில்லாமலே தோலில் ஒட்டும்.

இனி எரிந்தால், வெறும் தேங்காய் எண்ணெயால் துடைத்தெடுத்துவிட்டு, மென்மையான சவர்க்காரம் இட்டுக் கழுவுங்கள். கொப்புளம் கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மணமான எண்ணெய்தான் வேண்டும் என்றால், நறுக்கிய உலர்ந்த வெட்டிவேரைத் தேங்காய் எண்ணெயில் இட்டு, அந்தப் பாத்திரத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, சிறு தீயில் இரண்டு மணி நேரம் சூடாக்கி வடித்தெடுங்கள். மணம் மெல்லியதாகவே இருக்கும், ஆனால் கறுவா எண்ணெயைப் போல் தோலைச் சுடாது. ஆயினும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்பே உடல் முழுதும் தேய்க்க வேண்டும்.

கேள்வி: குளியற்பொடியில் காய்ந்த தேசிக்காய்த் தோலைச் சேர்க்கலாமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: சேர்க்க வேண்டாம். தேசிக்காய்த் தோலில் உள்ள ஃபியூரானோகூமரின் என்னும் பொருட்கள் உடலில் ஒட்டியிருக்கையில் வெயில் பட்டால், தோல் தீய்ந்ததுபோல் சிவந்து, பின்னர் மாதக்கணக்கில் கருந்திட்டாக நிற்கக்கூடும். காலையில் குளித்துவிட்டுக் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு இது வீண் தொல்லை. புளிப்பும் புத்துணர்வும் கலந்த அந்த மணம் பிடிக்குமானால், இனிப்புத் தோடம்பழத்தின் தோலை, உள்ளிருக்கும் வெள்ளைச் சதையைச் சுரண்டிவிட்டு நிழலில் உலர்த்தி, 500 கிராம் பயற்றுக்கு 25 கிராம் சேர்த்து அரையுங்கள்.