சி மொழி நன்றாகத் தெரிந்தால் லினக்ஸின் மையமான கெர்னலுக்கு வரும் பேட்சை ரிவ்யூ செய்துவிடலாமா?

செய்யலாம். நானும் அந்த நம்பிக்கையில்தான் உட்கார்ந்தேன். ஒரே ஒரு வரி பேட்சில், அதாவது கோட் திருத்தத்தில், மூக்கு உடைந்தது.

அலுவலகத்தில் ரிஸ்க்-ஃபைவ் வகை பிராசசர் உள்ள போர்டுக்கென்று நாங்களே பராமரித்த கெர்னல் அது. சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) உள்ளே நுழைந்ததும், அந்த அழைப்புகளைக் கவனிக்கும் டூலான டிரேசருக்குத் தகவல் போவதற்கு முன்பே, பிராசசருக்குள் இருக்கும் ஏ0 என்ற சின்ன சேமிப்பிடத்தில் (ரிஜிஸ்டரில்) ஈநோசிஸ், அதாவது 'அப்படி ஒரு சிஸ்டம் கால் இல்லை' என்ற பிழை எண் -38, போட்டு வைக்கும் பேட்ச். காரணம் நியாயமானதுதான்: டிரேசர் அந்த சிஸ்டம் காலை ரத்து செய்தால் புரோகிராமுக்கு ஒழுங்கான பிழை எண் திரும்ப வேண்டும். இன்டெல், ஏஎம்டி பிராசசர்களின் எக்ஸ்86-இலும் டிரேசர் எட்டிப் பார்க்கும்போது ஆர்ஏஎக்ஸ் ரிஜிஸ்டரில் -38 இருக்குமே என்று கண்ணை மூடிக்கொண்டு ஓகே சொல்லிவிட்டேன்.

எக்ஸ்86-இல் அழைப்போடு அனுப்பும் முதல் மதிப்பு, அதாவது முதல் ஆர்கியுமென்ட், ஆர்டிஐயில் வரும், விடை ஆர்ஏஎக்ஸில் திரும்பும். இரண்டும் வேறு வேறு. ரிஸ்க்-ஃபைவில் இரண்டுமே ஏ0. பழைய மதிப்பை ஒரிஜ்-ஏ0 என்று கெர்னல் தனியே எடுத்து வைத்திருப்பதால் புரோகிராம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஸ்ட்ரேஸ் என்ற டிரேசரும் சரியாகவே காட்டியது, ஏனென்றால் அது லினக்ஸ் 5.3-இல் வந்த பிடிரேஸ் கெட் சிஸ்கால் இன்ஃபோ என்ற வசதி வழியாகக் கேட்கிறது, கெர்னல் ஒரிஜ்-ஏ0வைப் பார்த்துப் பதில் சொல்கிறது. ரிஜிஸ்டர்களை நேரடியாகப் படித்த எங்கள் சொந்த டிரேசரில் மட்டும் முதல் ஆர்கியுமென்ட் இருக்க வேண்டிய இடத்தில் -38, வரிசையாக குளோஸ்(-38), குளோஸ்(-38). இரண்டு நாள் அந்த டூலை எழுதிய பையனைத் திட்டிக்கொண்டிருந்தோம். பாவம், தப்பு என்னுடையது.

அந்த வரியை டிரேசிங்குக்குக் கீழே இறக்கினால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. ரத்து செய்வதற்காக டிரேசர் சிஸ்டம் கால் எண்ணை -1 ஆக்கி, தானே ஒரு விடையை ஏ0வில் எழுதியிருந்தால் அதையும் அழித்துவிடும். எண் செல்லாதது, ஆனால் -1 இல்லை என்றால் மட்டும் -38 போடு என்று நிபந்தனை வைத்த பிறகுதான் அடங்கியது.

"இது அடிப்படை, இதுகூடத் தெரியாதா?" என்று யாராவது வருவார்கள். தெரியும் சார், மேனுவல் படித்தவன்தான். ஆனால் சாயங்காலத்துக்குள் ஓகே சொல்லு என்று மேனேஜர் தலைமேல் நிற்கும்போது மேனுவல் ஞாபகத்துக்கு வராது. அப்ரைசலில் எத்தனை பேட்ச் எழுதினாய் என்று கேட்டார்களே தவிர, எத்தனை பேட்சைத் தடுத்தாய் என்று ஒரு வருடமும் கேட்டதில்லை. சரி, அது வேறு கதை.

உங்களிடம் இருக்கும் பேட்ச் எந்த ஆர்க்கிடெக்சருக்கு, அதாவது எந்த பிராசசர் வகைக்கு? கேள்வியில் அதைச் சொல்லவே இல்லையே. ஏஆர்எம்64 என்றால் அதன் எக்ஸ்0 ரிஜிஸ்டரிலும் இதே கூத்துதான். போதாததற்கு டிரேசர் நிறுத்தும் நேரத்தில் கெர்னல் எக்ஸ்7-ஐ வேறு மாற்றி, நுழையும்போது 0, வெளியேறும்போது 1 என்று காட்டும்.