‘அங்கிள்’ என்று கூப்பிட்டால்தான் என்ன?

கேள்வி: நான் சீனர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டதால் அப்பா 11 வருஷம் என்னோடு பேசவில்லை. அம்மா தவறிய பிறகு, இப்போது ஞாயிறுதோறும் ஈசூனிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறார். தொடக்கநிலை 3 படிக்கும் மகள் ஐபேடை விட்டு நிமிர்வதில்லை. பள்ளியில் சீனம் எடுத்திருப்பதால் தமிழும் அரைகுறை. அவரை ‘அங்கிள்’ என்கிறாள். போன வாரம் திடீரென்று, “அங்கிள், உங்க விரல்ல ஏன் நகம் இல்ல?” என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டாள். அதட்டினேன். அப்பா தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.
- ஒரு மகள், செம்பவாங், சிங்கப்பூர்

பதில்: மானம் ஒன்றும் போகவில்லை, சகோதரி. ஐபேடை விட்டு நிமிர்ந்து, அந்தப் பெரியவரின் கையை உற்றுப் பார்த்துக் கேட்டிருக்கிறாளே! நகம் போன கதையைச் சொல்ல அவரும் வாயெடுத்திருப்பார். அதற்குள் நீங்கள் அதட்டிவிட்டீர்கள்.

நம் ஊரில் காப்பிக்கடைக்காரரும் அங்கிள், டாக்சி ஓட்டுநரும் அங்கிள். இத்தனை வருஷம் கண்ணிலேயே படாதவரை அவள் வேறென்ன சொல்லிக் கூப்பிடுவாள்? ‘தாத்தா சொல்லு’ என்று நச்சரிக்காதீர்கள். இந்த ஞாயிறுகளில் நீங்கள் எத்தனை தடவை ‘அப்பா’ என்றீர்கள்? பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்கும்.

ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டால், “எங்களுக்குள்ள சண்டை, உன்னால இல்ல” என்று சொல்லுங்கள், இப்போதைக்குப் போதும். உங்கள் கணவரிடம் அப்பா ஒரு வார்த்தை பேச வேண்டிய பாக்கி இருக்கிறது. அதைப் பெரியவர்கள் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பேத்தியைத் தூது விட வேண்டாம்.

பெற்றோர் வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மானியம் தருகிறது. பக்கத்தில் இருந்தாலே பாசம் வந்துவிடும் என்றால், ஈசூனுக்கும் செம்பவாங்குக்கும் எப்போதோ வந்திருக்க வேண்டும்!

கூடத்தில் எதிரெதிரே உட்கார வைத்தால் யாருக்கும் பேச்சு வராது. கையில் வேலை வேண்டும். ஆறு முட்டையை எடுத்துக்கொண்டு செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குப் போங்கள். ஊற்று நீர் சுமார் 70 டிகிரி, அதனால் வாளியில் பிடிப்பது தாத்தா வேலை. முட்டையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதும், வெந்ததா என்று எட்டி எட்டிப் பார்ப்பதும் இருவர் வேலை. அவசரப்பட்டு உடைத்தால் வழவழவென்று கையில் ஒழுகும். அதற்குச் சிரிக்கத் தமிழும் வேண்டாம், சீனமும் வேண்டாம். நீங்கள் கால் நனைக்கும் பக்கமாகத் தள்ளிப் போய் உட்காருங்கள்.

அங்கே அவள் மறுபடியும் அந்த நகத்தைப் பற்றிக் கேட்டால், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.