எண்ணெய் குடிக்கும் விமான எஞ்சினை வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். செம்பனை ஆலையில் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். என் மகன் விமானம் ஓட்டும் உரிமம் எடுத்திருக்கிறான். அவனும் மூன்று நண்பர்களும் பங்கு போட்டு 1980-ஆம் ஆண்டு பைப்பர் வாரியர் சிறு விமானம் ஒன்றை வாங்கப் பார்க்கிறார்கள். லைகமிங் ஓ-320 எஞ்சின், 160 குதிரைச்சக்தி. ஓவர்ஹால் செய்து 9 ஆண்டு ஆகிறது, 1,100 மணி நேரம் ஓடியிருக்கிறது. ஆறு மணி நேரம் பறந்தால் ஒரு குவார்ட் (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) எண்ணெய் ஊற்ற வேண்டும், அது சகஜம் என்கிறார் விற்பவர். நான் பார்த்த லோரி எதுவும் இப்படிக் குடித்ததில்லை. மகன் சேமிப்பை முழுக்க இதில் போடுகிறான். ஏமாற்றுகிறார்களா, ஐயா?

பதில்: அந்தக் கணக்கை வைத்து அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது. லோரி எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. சூடு ஒரே அளவில் நிற்பதால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மிகக் குறைந்த இடைவெளி விட்டால் போதும். வாரியரில் இருப்பது காற்றில் குளிரும் எஞ்சின். இரும்புச் சிலிண்டருக்குள் அலுமினியப் பிஸ்டன். சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும் என்பது ஆலையில் வேலை செய்த உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்காகவே இடைவெளியைத் தாராளமாக விட்டிருப்பார்கள். அதன் வழியே கொஞ்சம் எண்ணெய் மேலே ஏறி எரியத்தான் செய்யும்.

எவ்வளவு எரியலாம் என்பதற்கு லைகமிங் நிறுவனமே ஒரு கணக்குத் தந்திருக்கிறது. குதிரைச்சக்தியை 0.006-ஆல் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, 7.4-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் எத்தனை குவார்ட் என்று வரும். 160 குதிரைச்சக்திக்கு அரை குவார்ட்டுக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர். முக்கால் சக்தியில் பறக்கும்போது 0.4 குவார்ட். உங்கள் மகன் பார்க்கும் எஞ்சின் குடிப்பது மணிக்கு 0.17 குவார்ட்தான். அளவுக்குள்தான் இருக்கிறது.

ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். நான் இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் அலுக்காத விஷயம் இது: இன்று எவ்வளவு குடிக்கிறது என்பதைவிட, போன வருடம் எவ்வளவு குடித்தது என்பதுதான் முக்கியம். நூறு மணி நேரத்துக்கு முன்பும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் என்றால் அது அந்த எஞ்சினின் சுபாவம். அப்போது பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு குவார்ட், இப்போது ஆறு மணி நேரத்துக்கே ஒரு குவார்ட் என்றால் உள்ளே ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இன்றைய எண் ஒன்றுதான். வித்தியாசத்தைக் காட்டுவது எண்ணெய் ஊற்றிய குறிப்பு மட்டுமே. என் அப்பா தோட்டத்துப் புகைக்கூடத்தில் டீசல் எஞ்சின் பார்த்தவர். தினமும் காலையில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு, எடுத்து, சுவரில் தொங்கும் நோட்டில் பென்சிலால் ஒரு வரி எழுதுவார். தேதி, அளவு, ஊற்றியது. அதுபோன்ற குறிப்பை விற்பவரிடம் கேளுங்கள். வாய்க்கணக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் விலையில் அதற்குக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

டிப்ஸ்டிக்கில் எந்தக் கோடு வரைக்கும் ஊற்றுகிறார் என்றும் கேளுங்கள். இந்த எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி 8 குவார்ட் பிடிக்கும். முழுக்க நிரப்பினால் மேலே இருக்கும் ஒரு குவார்ட், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீத்தர் குழாய் வழியாக வெளியேறி, விமானத்தின் அடிவயிற்றில் வழிந்து கிடக்கும். ஆறில் நிறுத்தினால் பல விமானங்களில் குறைவது மட்டுப்பட்டுவிடும். எட்டு வரை ஊற்றிவிட்டு "எண்ணெய் குடிக்கிறது" என்று எஞ்சினைப் பழிப்பவர்களும் உண்டு. அடிவயிற்றை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் பறந்து வரச் சொல்லுங்கள். எண்ணெய் எரிகிறதா, ஒழுகுகிறதா என்பது துணியிலேயே தெரியும்.

வாங்கும் முன் பரிசோதனையை விற்பவரின் ஆள் செய்யக் கூடாது. உங்கள் செலவில், உரிமம் பெற்ற வேறொரு விமானப் பொறியாளர் செய்யட்டும். நீங்களும் கூடவே நில்லுங்கள், உங்கள் காதுக்கு அங்கே வேலை இருக்கிறது. கம்ப்ரஷன் டெஸ்ட்டில் சூடான சிலிண்டருக்குள் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று விட்டு, எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். 70-க்கு மேல் என்றால் நிம்மதி. 60-க்குக் கீழே இறங்கினால் அந்தச் சிலிண்டருக்கு வேலை வந்துவிட்டது. காற்று எங்கே சீறுகிறது என்று கவனியுங்கள். எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ். எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரின் கீழ் பிளக் மட்டும் எண்ணெயில் நனைந்திருந்தால் குடிப்பது அந்தச் சிலிண்டர்தான். அது ஒரு சிலிண்டர் மாற்றும் செலவோடு போகும்.

சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகளில் பூசியிருக்கும் வண்ணத்தையும் பாருங்கள். லைகமிங்கில் ஆரஞ்சுக் கோடு என்றால் உட்சுவரில் குரோம் பூச்சு, நீலம் என்றால் நைட்ரைடு, அதாவது நைட்ரஜன் ஊட்டிக் கடினமாக்கிய சுவர். குரோம் சுவரில் எண்ணெய் சரியாகத் தங்காது, அதனால் அது கொஞ்சம் கூடுதலாகவே குடிக்கும். பழைய வண்ணத்தின் மேல் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கலாம், ஆகவே எஞ்சினின் ஓட்டமும் வேலையும் பதிந்திருக்கும் லாக்புக்கோடு ஒப்பிடுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. ஓவர்ஹாலுக்கு லைகமிங் சொல்லும் கெடு 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு. இந்த எஞ்சினுக்கு மணி நேரம் மிச்சம் இருக்கிறது, ஆண்டு மூன்றுதான் மிச்சம். அந்த 9 ஆண்டில் எத்தனை மாதம் சும்மா நின்றது? லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. நிறுத்திய சில நாட்களில் எண்ணெய் வடிந்து அது வெறும் இரும்பாக நிற்கும். நம் ஊர்க் காற்றின் ஈரம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துருப்பிடித்த கேம் ஓட ஓடத் தேயும். அதை மாற்ற எஞ்சினையே பிளக்க வேண்டும். அப்படிப்பட்ட எஞ்சின் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் குடிக்காமல் இருக்கலாம்! மாதம் ஒரு முறையாவது, எண்ணெய் நன்றாகச் சூடேறும்படி ஒரு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது உள்ளே ஈரத்தைத்தான் சேர்க்கும். லாக்புக்கில் மாதக்கணக்கில் இடைவெளி இருந்தால், எண்ணெய் ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்து வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புத் துகள் மின்னினால் அதை வாங்க வேண்டாம்.

இன்னொன்று. தனி ஆளிடம் வாங்கிய பழைய பொருளுக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழி கிடையாது, அது வியாபாரிகள் மீதான புகார்களுக்கானது. பரிசோதனையில் தேறினால்தான் வாங்குவோம், இல்லையேல் முன்பணம் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: விமான எண்ணெய் விலை அதிகம். கார் ஆயில் ஊற்றினால் என்ன?

பதில்: லைகமிங்கில் ஊற்றவே கூடாது. கார் ஆயிலில் சேர்க்கும் உலோகக் கலவை எரிந்ததும் சாம்பலாகப் படியும். அந்தச் சாம்பல் தணலாக நின்று, பிளக்குக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்து, பிஸ்டனைத் துளைத்துவிடும். விமான எண்ணெயைச் சாம்பல் இல்லாமல் தயாரிப்பதே இதற்காகத்தான்.

சிறு விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் வேறு ரகம், அதில் மோட்டார் சைக்கிள் வகை எண்ணெய் ஊற்றுகிறார்கள். அது மணிக்கு 0.06 லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. அளவு பார்க்கும் முன் சுவிட்சுகளை அணைத்துவிட்டு, புரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே கையால் சுற்ற வேண்டும். தொட்டியில் 'களக்' என்று ஏப்பம் விடும் சத்தம் வந்த பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்தால்தான் அளவு சரியாக இருக்கும்.