“நல்லா இருக்கேன் சார்” என்றதற்கு 35 சதவீதம்

கேள்வி: என் தம்பிக்கு 38 வயது. மனச்சிதைவு நோய் வந்து 14 வருடம் ஆகிறது. முதல் 12 வருடம் மதுரையில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினோம். காசு தீர்ந்த பிறகு, இரண்டு வருடமாக அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறோம். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக அவனைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு அம்மா கூட்டிப் போனார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான். 35 சதவீதம் என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், 40 இல்லை என்று தள்ளுபடி. எங்கள் தெருவில் ஒருவர் ஐயாயிரம் கொடுத்தால் 50 சதவீதம் வாங்கித் தருகிறேன் என்கிறார். அம்மாவுக்கு 67 வயது. இனி என்ன செய்வது?
— ஒரு சகோதரி, அருப்புக்கோட்டை

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த ஐயாயிரம். கொடுக்காதீர்கள். ஊனமுற்றோருக்கான சலுகையை மோசடி செய்து பெற்றால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 91 சொல்கிறது. அந்தத் தரகர் மாட்டமாட்டார், உங்கள் அம்மாவின் கையெழுத்துதான் மாட்டும். அதைவிட முக்கியம், உங்கள் தம்பிக்கு உண்மையிலேயே 40க்கு மேல் கிடைக்க வழி இருக்கிறது என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

மனநோய்க்கான சதவீதத்தை டாக்டர் கண்ணால் பார்த்து மதிப்பிட்டுப் போடுவதில்லை. அதற்கென்று ‘ஐடியாஸ்’ என்றொரு அளவுகோல் இருக்கிறது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் உருவாக்கியது. நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: தன்னைத்தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். சிரமம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். இதோடு, நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்குத் தனியாக 4 மதிப்பெண் வரை உண்டு. பத்து வருடம் தாண்டியவருக்கு முழு 4. மொத்தம் 7 வந்தால் 40 சதவீதத்தைத் தொட்டுவிடலாம். ஆறில் நின்றால் இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 14 வருட நோய் என்றால் அதற்கே 4 வந்திருக்க வேண்டும். மீதி நான்கு விஷயங்களில் சேர்த்து மூன்று மதிப்பெண் போதும். வேலைக்கே போகாத ஒருவருக்கு ‘வேலை’ என்ற ஒரு தலைப்பிலேயே அது வந்துவிடலாம். அப்படியிருக்க 35 எப்படி வந்தது? என் ஊகம் இதுதான்: நீங்கள் காட்டியது அரசு மருத்துவமனை ஓபி சீட்டு மட்டும். அதில் இரண்டு வருட சிகிச்சைதான் இருக்கிறது. மதுரை டாக்டரின் பழைய சீட்டுகள் வீட்டில் ஒரு மஞ்சள் பைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். 12 வருடம் அந்த மேசைக்கு வரவே இல்லை.

இரண்டாவது, அந்தப் புதுச் சட்டை.

இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. என் அண்ணனைச் சான்றிதழுக்குக் கூட்டிப் போன அன்று, பெயர் கூப்பிடும் வரை நடையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா பையிலிருந்து சீப்பை எடுத்து, அவனுக்கு வகிடு எடுத்துச் சீவிவிட்டார். சட்டைக் காலரைச் சரி செய்தார். முந்தைய இரவு அவரே ஷேவ் பண்ணிவிட்டிருந்தார். உள்ளே போனோம். “எப்படி இருக்கீங்க?” “நல்லா இருக்கேன் சார்.” “சாப்பாடு, தூக்கம்?” “எல்லாம் சரியா இருக்கு சார்.” இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தன்னைத்தானே பார்த்துக்கொள்வதற்கு அண்ணனுக்குக் கிடைத்தது பூஜ்யம், அதாவது சிரமமே இல்லை. அந்த வகிடு அம்மா எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பிள்ளையைப் பார்க்க நன்றாக இருக்கும்படி அனுப்ப வேண்டும் என்பதுதானே எந்தத் தாய்க்கும் புத்தியில் வரும்.

பிறகு 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, இரண்டு வாரம் தினமும் எழுதினேன். “செவ்வாய். பதினொன்றரை வரை பல் தேய்க்கவில்லை. நாலு தடவை சொன்னேன்.” “புதன். தீப்பெட்டி வாங்கப் போனவன் பாதி வழியில் திரும்பிவிட்டான். பத்து ரூபாய் எங்கே என்று தெரியவில்லை.” “வெள்ளி. பக்கத்து வீட்டு மாமா வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தியவன், அவர் போன பிறகும் வரவில்லை.” ஒன்றும் கூட்டி எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. மறுமுறை போனபோது அந்த டாக்டர் நோட்டை முழுசாகப் படித்தார். இந்த அளவுகோலில் நோயாளியோடு கூடவே இருப்பவரிடமும் விசாரிக்க வேண்டும், பழைய சிகிச்சைக் குறிப்புகளையும் பார்க்க வேண்டும். ஆகவே நீங்கள் உள்ளே வந்து பேசுவதும் அந்தப் பரிசோதனையில் ஒரு பகுதி. “நீங்க வெளிய இருங்கம்மா” என்றால், பணிவாக, ஆனால் நகராமல், “நான்தான் சார் பார்த்துக்கிறேன், சொல்ல வேண்டியது இருக்கு” என்று சொல்லுங்கள்.

அன்றைக்குத் தம்பியை அழுக்காகக் கூட்டிப் போகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். குளிப்பாட்டியே கூட்டிப் போங்கள். குளிப்பாட்டியது யார் என்று மட்டும் சொல்லுங்கள்.

சரி, இனி எங்கே போவது? உங்களுக்கு இரண்டு கதவுகள் மூடியிருக்கின்றன, இரண்டும் வேறு வேறு. சதவீதம் போட்டது மருத்துவ அதிகாரி. பணம் மறுத்தது வருவாய்த் துறை, அதாவது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார். இரண்டாவது கதவை இப்போது தட்டிப் பயனில்லை. கையில் 35 இருக்கும்வரை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அலைய வேண்டியது முதல் கதவுக்குத்தான்.

அதே சட்டத்தின் பிரிவு 59, சான்றிதழ் தரும் அதிகாரியின் முடிவில் திருப்தி இல்லாதவர் மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம் என்கிறது. “ஒரு தடவை போட்டா போட்டதுதான்” என்று யாராவது சொன்னால் அது தவறு. மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கு உண்டு, அதனால் தள்ளிப்போட வேண்டாம். கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை விசாரித்து, “35 சதவீதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்ய விரும்புகிறேன், யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்” என்று மனுக் கொடுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், அதை நாளை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கவுண்டரில் வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திங்கள்கிழமை மக்கள் குறை தீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும், அதுவும் நல்லது.

கூடவே ஒரு தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. தம்பி கையெழுத்திலேயே இருக்கட்டும். அன்றைய பரிசோதனையில் ஒவ்வொரு தலைப்புக்கும் போட்ட மதிப்பெண் தாளின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தத் தாள் கைக்கு வந்தால் என் ஊகம் சரியா, எங்கே மதிப்பெண் விட்டுப்போனது என்பது தெரிந்துவிடும். மேல்முறையீட்டு மனுவில் “எங்களுக்கு அநியாயம் நடந்துவிட்டது” என்று நாலு பக்கம் எழுதுவதைவிட, “நோய்க்காலம் இரண்டு வருடம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது, 14 வருடச் சீட்டுகளை இணைத்துள்ளேன்” என்ற ஒரே வரி நூறு மடங்கு வேலை செய்யும். தாள் வரட்டும் என்று மேல்முறையீட்டை நிறுத்தி வைக்காதீர்கள், இரண்டும் ஒன்றாக நடக்கட்டும்.

மதுரைச் சீட்டுகள் தொலைந்துபோயிருந்தால் அந்த டாக்டரிடமே போய், எந்த வருடத்திலிருந்து பார்த்தார், என்ன நோய் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். தன் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டுப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கும் மனநோய் உள்ளவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். மனு எழுதவும் உதவுவார்கள்.

40 வந்ததும் தாசில்தார் அலுவலகத்துக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள். வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. பெரிய பணம் இல்லைதான். ஆனாலும் 67 வயதில், மகனின் பஸ் செலவுக்கும் டீ செலவுக்கும் யாரிடமும் கை நீட்டாமல் இருப்பது உங்கள் அம்மாவுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். புதுச் சான்றிதழில் ‘தற்காலிகம்’ என்று இருந்தால் அது முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மனநோய்க்குப் பெரும்பாலும் அப்படித்தான் தருவார்கள். தேதி தாண்டினால் பணம் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

உங்கள் அப்பா அரசு ஊழியராக இருந்தவரா? கடிதத்தில் இல்லை. இருந்தால் உடனே எழுதுங்கள், ஏனென்றால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும் வழி இருக்கிறது, அதை அம்மா இருக்கும்போதே பதிவு செய்து வைப்பது நல்லது.

இந்த வாரம் நோட்டு வாங்கி எழுத ஆரம்பியுங்கள். மஞ்சள் பையைக் கொட்டி, சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். மேல்முறையீட்டு மனுவை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.