கேள்வி-பதில்: முத்திரைக்கு என்ன விலை?

சென்ற மாதம் விளையாட்டுத் தபால்தலைகளைப் பற்றி இந்தப் பகுதியில் இரண்டு வரி எழுதினேன். பரண்களும் டிரங்குப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன போலிருக்கிறது. வந்த கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 1936 பெர்லின் ஒலிம்பிக் முத்திரை குத்திய அஞ்சலட்டை ஒன்றை இணைய ஏலத்தில் 6,000 ரூபாய்க்கு எடுத்தேன். ‘மிக மிக அரியது’ என்று விற்றவர் எழுதியிருந்தார். கொடுத்த விலை நியாயமா? (வாசகர், ஈரோடு)

பதில்: முத்திரையில் என்ன தேதி? எந்த இடத்து முத்திரை? இரண்டையும் எழுதாமல் விலையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பிறந்த நேரம் சொல்லாமல் ஜாதகம் கணிக்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்?

பெர்லின் முத்திரை அரியதல்ல. போட்டி நடந்த பல இடங்களில் அஞ்சலகம் திறந்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் நினைவுக்காக அட்டையும் தபால்தலையும் வாங்கி, முத்திரை குத்தி எடுத்துப் போனார்கள். அவை இன்றும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. விலையை ஏற்றுவது தேதி. 1936 ஆகஸ்ட் 4 என்றால் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நீளம் தாண்டுதலில் தங்கம் வென்ற நாள். ஆகஸ்ட் 15 என்றால், மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஹாக்கி இறுதி ஆட்டத்தில் தியான்சந்தின் அணி ஜெர்மனியை 8-1 என்று வென்ற நாள். அந்தத் தேதி தெளிவாக விழுந்த அட்டைக்கு இந்திய ஹாக்கிப் பித்தர் ஒருவர் உங்கள் 6,000-ஐ யோசிக்காமல் கொடுக்கலாம். வேறு தேதி என்றால் ‘மிக மிக’ என்ற இரண்டு சொற்களுக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். பூதக்கண்ணாடியை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: என் பெரியப்பா 1948-ல் லண்டனில் படித்தார். ஒலிம்பிக் சமயத்தில் வீட்டுக்கு எழுதிய கடித உறைகள் சில இருந்தன. தபால்தலைகளை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக்கொண்டு உறைகளைப் போட்டுவிட்டேன். தலைகளின் மேல் ஒலிம்பிக் வாசகம் அழகாக விழுந்திருக்கிறது. என்ன பெறும்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, படித்துவிட்டுச் சற்று நேரம் பேனாவைத் தொடவில்லை.

அது இயந்திர முத்திரை. பொதுவாக வாசகம் வலப்பக்கம் தபால்தலையின் மேல் விழும். ஊரும் தேதியும் உள்ள வட்டம் இடப்பக்கம் வெறும் உறையின் மேல் விழும். நீங்கள் வாசகத்தைக் காப்பாற்றி, தேதியைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். 1948 ஆகஸ்ட் 12-ஆம் தேதி வெம்ப்ளியில் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா பிரிட்டனை 4-0 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியது. விடுதலை பெற்ற பிறகு கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம். அன்றைய தேதியில் பெரியப்பா ஒரு கடிதம் எழுதியிருந்தாரா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

மிஞ்சிய தலைகளுக்குச் சில பத்து ரூபாய் கிடைக்கலாம். உறைக்குள் இருந்த கடிதங்களாவது இருக்கின்றனவா? இருந்தால் அவற்றையாவது தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: 1982 டெல்லி ஆசிய விளையாட்டுத் தபால்தலைகள் வெளியான அன்றே முத்திரை குத்திய ‘முதல் நாள் உறை’களைப் பூச்சி அரிக்காமல் இருக்க லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். இப்போது விற்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: சாப்பாட்டு மேஜையில் தட்டுக்கு அடியில் வைக்கலாம்.

கேள்வி: அப்பாவின் ஆல்பத்தில் அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன் என்ற பெயர்களில் 200-க்கு மேல் ஒலிம்பிக் தபால்தலைகள் உள்ளன. பெரிது பெரிதாக, வண்ண வண்ணமாக. எல்லாவற்றிலும் முத்திரை ஓரத்தில் நேர்த்தியாக விழுந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுப் பழமை. நல்ல விலை போகுமா? (வாசகர், மதுரை)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தலையை ஆல்பத்திலிருந்து எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்னால் பசை பளபளவென்று அப்படியே இருக்கும். கடிதத்தில் ஒட்டிப் பயணம் போன தபால்தலையில் பசை எப்படி மிஞ்சும்? அது எந்தக் கடிதத்திலும் ஒட்டப்படவில்லை, எந்தப் பெட்டியிலும் விழவில்லை, எந்தத் தபால்காரரும் அதைத் தொடவில்லை. முழுத்தாளாக இருக்கும்போதே மூலையில் கறுப்பு வளைவைப் போட்டு, மொத்தமாக வியாபாரிகளிடம் தள்ளிவிட்ட சரக்கு அது. நான்கு தலைகள் சேர்ந்த துண்டு இருந்தால் இன்னொன்றும் தெரியும்: ஒரே வட்டத்தின் நான்கு கால் பகுதிகள் நான்கு மூலைகளிலும் அளந்து வைத்ததுபோல விழுந்திருக்கும். அஞ்சலக ஊழியர் கையால் குத்தினால் அப்படி விழுமா? அவர் அவசரத்தில் தலைவரின் மூக்கின் மேல் குத்துவார், பாதி உறையில் போகும், மை தீற்றும். அந்தத் தீற்றல்தான் அது தபால் வேலை செய்தது என்பதற்குச் சாட்சி.

வளைகுடாவின் அந்தச் சிறு ஷேக் நாடுகள் 1960-களில் வெளிநாட்டு முகவர்களோடு ஒப்பந்தம் போட்டுத் தங்கள் பெயரில் தபால்தலைகளை அச்சிட அனுமதித்தன. டோக்கியோ, மெக்சிகோ, மியூனிக் என்று எந்த ஒலிம்பிக்கையும் விட்டுவைக்கவில்லை. 1971 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் உருவாகி, அஞ்சல் துறை ஒன்றான பிறகுதான் இந்த வெள்ளம் வடிந்தது. அதற்குள் உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் காசு கரைந்திருந்தது. இது கள்ளத் தபால்தலை அல்ல. அரசின் பெயரில் முறைப்படி வெளியானதுதான். அதனால் யார்மீதும் வழக்குப் போட முடியாது. எனக்கு ஆத்திரமே அங்கேதான். சோவியத் நாடும் கிழக்கு ஐரோப்பாவும் இதே வேலையைச் செய்தன என்றாலும், அவற்றின் தலைகள் உண்மையான கடிதங்களிலும் ஒட்டப்பட்டன. அஜ்மானிலிருந்து ஒலிம்பிக் தலை ஒட்டி எனக்கு ஒரு கடிதமாவது வந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

ஆம், அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் நானும் ஒருவன். 1974-ல் சுற்றுலாவுக்கு வீட்டில் கொடுத்த மூன்று ரூபாயில் மியூனிக் தலைகள் நூறு அடங்கிய பொட்டலம் வாங்கிவிட்டு, வகுப்பே மகாபலிபுரம் போன நாளில் நான் வீட்டில் உட்கார்ந்து ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஆல்பத்தை விற்கப் போனபோது வியாபாரி அட்டையைத் தட்டிப் பார்த்து, “பைண்டிங் நன்றாக இருக்கிறது” என்றார்.

உங்கள் அப்பா ஆசையாகச் சேர்த்தது. பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். விலை கேட்டு அலையாதீர்கள்.

கேள்வி: 1951 டெல்லி ஆசிய விளையாட்டின் தொடக்க நாள் முத்திரையுடன் ஓர் உறையை, இணையத்தில் கடை நடத்தும் ஒருவரிடம் 8,500 ரூபாய்க்கு வாங்கினேன். ‘அசல்’ என்று விளம்பரத்திலேயே இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முத்திரை முழுவதும் நுண்ணிய வண்ணப் புள்ளிகள். திருப்பித் தர மறுக்கிறார். ஓய்வூதியப் பணம் ஐயா. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: புள்ளிகள் தெரிந்தால் அது கணினி அச்சு. உலோக முத்திரையின் மை ஒரே நிறமாகக் காகித இழைக்குள் இறங்கியிருக்கும். தபால்தலை உண்மையானதாகவே இருக்கலாம். 1951 மார்ச் 4-இல் வெளியான இரண்டணாத் தலை எளிதாகக் கிடைக்கும். அதன்மேல் பொய் முத்திரை போட்டால் விலை பல மடங்கு. மோசடி அங்கேதான் நடக்கிறது.

உங்களை முட்டாள் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். இதே போட்டியின் உறை ஒன்றை 3,500 ரூபாய்க்கு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியவன் நான். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த மைத்துனர் காப்பியைக் குடித்துக்கொண்டே, “முகவரியில் பின்கோடு இருக்கிறதே மாமா” என்றார். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். எழுதியவர் தீர்க்கதரிசி போலிருக்கிறது. விற்றவர் அதற்குள் கைப்பேசி எண்ணையே மாற்றிவிட்டார்.

உங்கள் ஆள் கடை நடத்துகிறார், அது உங்களுக்கு நல்லது. விளம்பரப் பக்கம், பணம் செலுத்திய ரசீது, அவர் மறுத்து எழுதிய செய்தி எல்லாவற்றையும் இன்றே படம் எடுத்து வையுங்கள். நாளை அந்தப் பக்கம் காணாமல் போகலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள். பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். உறையைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: முகவரி எழுதாத சுத்தமான சிறப்பு உறைக்கு மதிப்பு அதிகமா, முகவரி எழுதிக் கசங்கிய உறைக்கா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: சுத்தமான உறைகள் விற்பனைக்காகவே தயாரானவை, எல்லாரிடமும் இருக்கும். விளையாட்டு நடந்த இடத்திலிருந்து பதிவுத் தபாலில் போய், சரியான கட்டணத்துக்குத் தலை ஒட்டி, பின்புறம் சேர்ந்த ஊரின் முத்திரையும் விழுந்த உறையைத்தான் நான் தேடுவேன். கசங்கல் இருக்கலாம், கிழிசல் கூடாது. முத்திரையின் வட்டம் தலையில் தொடங்கி உறையில் முடிய வேண்டும். இரண்டிலும் கோடு பொருந்தவில்லையென்றால் வேறு உறையிலிருந்து தலை குடிவந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: 2013 நவம்பர் 14-இல் வெளியான சச்சின் தபால்தலைகளை மொத்தமாக வாங்கி வைத்தேன். விலை ஏறவே இல்லை. இப்போது அஞ்சலகத்தில் கொடுத்து, வெளியான நாளின் தேதியில் முத்திரை குத்தி வாங்கினால் மதிப்புக் கூடுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பழைய தேதியில் குத்தித் தரமாட்டார்கள். தருகிறேன் என்று யாராவது சொன்னால் மேலே உள்ள திருநெல்வேலிக் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். இப்போதைக்கு உங்கள் இருபது ரூபாய்த் தலை, கடிதத்தில் ஒட்டினால் இருபது ரூபாய்க்குச் செல்லும். முத்திரை விழுந்தால் அதுவும் போய்விடும்.