பழைய காரும் சொட்டும் பெட்ரோலும்: கேள்வி-பதில்

அப்பா ஓட்டிய 1972 மாடல் அம்பாசடர். ஒரு வாரம் சொட்டு விழாது. திடீரென்று ஒருநாள் ஷெட்டெல்லாம் பெட்ரோல் வாசம். பம்ப், கார்பரேட்டர் கிட் எல்லாம் மாற்றியாகிவிட்டது. அடுத்து என்ன வாங்கட்டும்?
- கும்பகோணம் வாசகர்

எதையும் வாங்காதீர்கள். எப்போது ஒழுகுகிறது என்று முதலில் கவனியுங்கள். டேங்க் நிறைய அடித்த அன்று மட்டும் என்றால், டேங்க் வாயிலுள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். இஞ்சின் ஓடும்போது பம்ப் அடியில் சொட்டினால், பம்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வு போயிருக்கும். இஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாசம் அடித்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

இப்படி விட்டுவிட்டு ஒழுகுவது பெரும்பாலும் ஃப்ளோட் நீடில் (கார்பரேட்டர் நிறைந்ததும் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி) வேலைதான். டேங்க் துரு வந்து நீடில் சீட்டில் மாட்டினால் கார்பரேட்டர் நிரம்பி வழியும். துரு நகர்ந்ததும் நின்றுவிடும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது எல்லாம் காய்ந்திருக்கும். டேங்கைக் கழுவாமல் எத்தனை கிட் போட்டாலும் இதே கதைதான். குழாய் இணைப்புகளைத் துடைத்துச் சாக்பீஸ் தூள் தடவிவிடுங்கள். பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் தூளில் பழுப்புக் கறை நிற்கும்.

குழாய் என்றதும் என் பழைய புலம்பல். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதில் ஊறி உப்பும், அப்புறம் விரிசல் விடும். கடைக்காரரோ ரோலிலிருந்து ஒரு மீட்டர் வெட்டி, "பெட்ரோல் ஹோஸ்தான் சார்" என்பார். பெயரும் இருக்காது, பில்லும் இருக்காது. 'ஒரிஜினல்' என்று என் தலையில் கட்டிய ஒன்று, ஐப்பசி மழை முடிவதற்குள் முறுக்கு மாதிரி நொறுங்கியது. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தரக்குறியீடு குழாய் மேலேயே அச்சிட்டிருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் கடையை விட்டு இறங்குங்கள்.

டேங்க் ஓட்டையில் வெல்டிங் வைக்கலாமா?
- பாபநாசம்

கூடாது. காலி டேங்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும், வெடிக்கும்.

வீடியோவில் பார்த்தே ஒரு பழைய பியட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். ஆர்.சி. இன்னும் வரவில்லை. பெட்ரோல் வாசம் வருமாம். "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்கிறார் விற்பவர்.
- மயிலாடுதுறை

நல்ல பழைய வண்டியில் வாசம் வராது. அது கிடக்கட்டும், ஆர்.சி. பார்க்காமல் ஏன் சார் பணம் அனுப்பினீர்கள்? மீதியை அனுப்பாதீர்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள்.

ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். புது பம்ப் என்று பணம் வாங்கிய ஒர்க்ஷாப், பழையதையே கழுவி மாட்டியிருக்கிறது. பில் இருக்கிறது.
- திருவாரூர்

பில்லைப் பத்திரமாக வைத்தீர்களே, பாதி வேலை முடிந்தது ஐயா. பம்பைக் கழற்றாமல் போட்டோ எடுங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, அவர் சொல்வதை எழுதி வாங்குங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். மசியாவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.