என் மகன் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான், எழுதச் சொன்னால் திணறுகிறான். டிஸ்லெக்சியாவாக இருக்குமா? எப்படிப் பரிசோதிப்பது?

நான் டாக்டர் இல்லை. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, உள்ள ஒரு பெண்ணின் அம்மா. உங்கள் மகன் மூன்றாவதோ நான்காவதோ படிக்கிறான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கடகடவென்று ஒப்பிக்கிறான் என்கிறீர்களே, அங்கேதான் கவனிக்க வேண்டும். என் மகள் இரண்டாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தை விரல் வைத்து வாசிப்பாள். ஒருநாள் பார்த்தால் வாய் மூன்றாவது வரியில் இருக்கிறது, விரல் கடைசி வரிக்குப் போய்விட்டது. பக்கத்தைத் திருப்பினேன், அதே பாடத்தைத்தான் சொன்னாள். மிஸ் வாசித்ததைக் காதில் வாங்கியே முழுப் பாடத்தையும் மனதில் ஏற்றியிருக்கிறாள். அதற்கு எவ்வளவு புத்தி வேண்டும்! அதனாலேயே பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. சேட்டை செய்யாத பெண் பிள்ளை என்றால் இன்னும் கண்ணில் படாது.

அவன் பார்த்தே இராத ஒரு சின்னக் கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறானா? எழுதும்போது கொம்பும் காலும் விட்டுப்போகிறதா? வாயால் சரியாகச் சொல்லும் விடை தாளில் வர மறுக்கிறதா? ஆங்கிலத்தில் 'b'யும் 'd'யும் மாறுவதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள், 7 வயது வரை நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தச் சிரமம் இருந்ததா என்றும் விசாரியுங்கள். இது வழிவழியாக வரக்கூடியது.

'இங்கிலீஷ் மீடியத்தில் போட்டால் இப்படித்தான்' என்று சொல்ல யாராவது வருவார்கள். என் மகள் தமிழிலும் திணறினாள். தமிழில் பிழை குறைவு, ஆனால் வேகம் வரவே இல்லை. ஆங்கிலத்தில் பிழையும் வேகக் குறைவும் சேர்ந்துகொண்டன.

சரி, பரிசோதனை. முதலில் கண்ணையும் காதையும் பார்த்துவிடுவார்கள். அப்புறம் உளவியலாளர் அறிவுத்திறன் சோதனை வைத்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு, கவனம் என்று தனித்தனியாகப் பார்ப்பார். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். சென்னைப் பக்கம் என்றால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனில் கேளுங்கள். சான்றிதழுக்குப் பொதுவாக 8 வயது ஆக வேண்டும், பயிற்சிக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்கலாம். 'சலுகையில் பாஸ்' என்று பேசுபவர்கள் ஒரு மாதம் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லாப் பிள்ளைகளின் மார்க்கையும் பெயரோடு போடும் வழக்கத்தை யார் கொண்டுவந்தது? கேட்டதற்கு 'மத்தப் பேரன்ட்ஸ் கேக்குறாங்க மேடம்' என்றார்கள். என் மகள் மார்க் அவர்களுக்கு எதற்கு?

பரிசோதனை அறிக்கையின் அசலை மட்டும் பள்ளியில் கொடுத்துவிடாதீர்கள். எங்களுடையதைத் தொலைத்துவிட்டு, நாங்கள் கொடுக்கவே இல்லை என்றார்கள். நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.